காலி எடை

தாழையூத்து எடைமேடையில்
பதினோரு வருஷமாக ராத்திரி டூட்டி எனக்கு.
லோடு எடை, காலி எடை, கழித்தால் நிகர எடை.
சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பேன்.
சுண்ணாம்புக்கல்லா, சாம்பலா, நனைந்த மணலா
மிஷினுக்குத் தெரியாது.
எவ்வளவு என்பது வரைதான் அதன் படிப்பு.
எது என்பது தார்ப்பாய்க்கு அடியில்.

இவ்வளவும் தெரிந்த நானே
வீட்டுக் குளியலறை மிஷினில் ஏறி நின்று
நாலு மாசம் அழுதிருக்கிறேன்.

ஹைகிரவுண்டில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா
"ஈரலில் கொழுப்பு, செண்பகவல்லி" என்றாள்
வாடகைப் பாக்கியைச் சொல்வதுபோல.
அன்று ராத்திரியே பரோட்டாவை நிறுத்தினேன்.
எதிர்க் கடையில் சால்னா கொதிக்கும்போது
கேபின் ஜன்னலைச் சாத்தினேன்.
விடிந்ததும் ரயில்வே கேட் வரை நடந்து திரும்பினேன்.
தண்ணீர் கேன் இரண்டையும்
பையனைக் கூப்பிடாமல் நானே மேலே தூக்கினேன்.

எழுபத்து நாலு என்றது மிஷின்.
அடுத்த மாசமும் எழுபத்து நாலு.
தூரத்துக்கு முந்தின வாரம் எழுபத்தைந்தரை.
நீர் கோத்த உடம்பு,
நனைந்த மணல் கணக்கு.

ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்த ஒரு ராத்திரி
வண்டியே வரவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
அறுபது டன் மேடையின் நடுவில் போய் நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பில் எண்பது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
எழுபத்தொன்றும் எழுபத்தொன்பதும்
அதற்கு ஒரே பொம்பளை.
பரோட்டாக் கடை நாயும் ஏறி வந்து பக்கத்தில் நின்றது.
அப்போதும் எண்பது.
சிரித்த சிரிப்பில் நாய் பயந்து ஓடிவிட்டது.

மறுநாள்
சாக்குத் தைக்கிற சணலை
வயிற்றைச் சுற்றிப் பிடித்தேன், தொப்புள் மட்டத்தில்,
மூச்சை உள்ளே இழுக்காமல்.
முனை தொட்ட இடத்தில் வெட்டி
காலண்டர் ஆணியில் மாட்டினேன்.
அமாவாசைக்கு அமாவாசை சுற்றிப் பார்ப்பது,
மிஞ்சினால் வெட்டுவது.
ஆவணியில் ஒன்றும் மிஞ்சவில்லை.
புரட்டாசியில் ஒரு விரல்கடை.
ஐப்பசி மழையில் நடையே இல்லை,
சணலும் அசையவில்லை.
கார்த்திகையில் ஒரேயடியாக இரண்டு விரல்.

அதற்குள் வேறு சாட்சிகளும் வந்துவிட்டன.
பாவாடை நாடாவின் வால் நீளமாகத் தொங்கியது.
கல்யாண மோதிரம் சோப்பில்லாமல் கழன்றது.
கேபினுக்குப் படி பத்தொன்பது.
பத்தாவது படியில் நின்று
வானம் பார்ப்பதாக நடிப்பதை
எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

முதலில் மைனி கேட்டாள், "சுகராட்டி?"
பிறகு கீரைக்காரி.
பிறகு சங்கரன்கோவில் வண்டி மாசானமுத்து,
குரலைத் தாழ்த்தி, "சுகராக்கா?"
இந்தச் சீமையில் ஒரு பொம்பளை மெலிந்தால்
ஒன்று சுகர், இல்லை வீட்டில் சண்டை.
தை மாசம் மட்டும் ஆறு சுகர், ஒரு சண்டை.
அதையும் காலண்டரில் குறித்துவைத்தேன்.

மிஷின் இன்றைக்கு எழுபத்து மூன்றில் நிற்கிறது.
பங்குனியில் மறு ஸ்கேன்.
ஈரல் என்ன சொல்லுமோ, பயம்தான்.

வெட்டிய துண்டுகளை எறிய மனசு வரவில்லை.
முடிச்சுப் போட்டுச் சேர்த்தால் அரைச் சாண்.
ஒரு சாண் வயிறு என்பார்களே,
அதில் பாதி என் உள்ளங்கையில்.
டிரைவர்மார் பேனாவைச் சட்டையில் சொருகிக்கொண்டு
கங்கைகொண்டான் தாண்டிவிடுகிறார்கள்.
அதனால் பேனாவை அதில் கட்டி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.

நேற்று மாசானமுத்து
கழுத்தை ஒடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே
"என்னக்கா, கயிறு இம்புட்டுக் குட்டையா இருக்கு?"
பொறுங்க அண்ணாச்சி என்றேன்,
மாசாமாசம் நீளும்.